மூளையைப் பார்த்து ஏஐ செய்கிறவர்கள் விடும் பிழைகள்

வெள்ளவத்தையில் பின்னேரங்களில் இறுதியாண்டுப் பெடியன்களின் புரொஜெக்ட்டுகளைப் பார்த்துக் கொடுக்கிறேன். ஆட்கள் மாறினாலும் வசனம் மாறுவதில்லை: "மூளையும் இப்படித்தானே அண்ணா வேலை செய்யுது." டேட்டா காணாது, கோட் ஓடவில்லை என்பதெல்லாம் போகப்போகச் சரிவரும், அவற்றை விடுகிறேன்.

20 வாட் கதையை நம்பி இறங்குவது

இதுதான் இன்னமும் எரிச்சல் தருவது. மனித மூளை ஏறக்குறைய 8,600 கோடி நியூரோன்களை 20 வாட் அளவில் ஓட்டுகிறது, உண்மைதான். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு குழு, கையால் நிரப்பிய தமிழ்ப் படிவங்களை வாசிக்க, துடிப்புகளால் பேசும் ஸ்பைக்கிங் நெட்வொர்க்கைத் தெரிவுசெய்தது. ஓட்டியதோ சாதாரண கிராபிக்ஸ் சிப்பான ஜீபியூவில். அங்கே ஒவ்வொரு நேரத்துண்டுக்கும் எல்லாக் கணக்கையும் திரும்பப் போடவேண்டும், ஆகவே வேகமும் போகும் மின்சாரமும் போகும். மிச்சம் பிடிக்கலாம் என்பது இன்டெல்லின் லோயிஹி மாதிரி அதற்கென்றே செய்த சிப் கையில் இருந்தால்தான். மாதக்கணக்காக உழைத்தும் அது ரெண்டு சுழி ன, மூன்று சுழி ண வித்தியாசத்தைக்கூடப் பிடிக்கவில்லை.

படங்களை வாசிக்க வழமையாகப் பாவிக்கும் நியூரல் நெட்வொர்க்கான சிஎன்என் ஒன்றைப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அது மூளை மாதிரி இல்லையே அண்ணா."

சரி, சிஎன்என் எங்கிருந்து வந்தது? மூளை ஆய்வாளர்கள் ஹூபெலும் வீசெலும் பூனையின் பார்வைப் புறணியில் (பார்வைக்கான மூளைப் பகுதியில்) கண்டதை வைத்து 1980இல் புகுஷிமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் சிஎன்என்னின் முன்னோடியான நியோகொக்னிட்ரோனைக் கட்டினார். 1989இல் ஏஐ ஆய்வாளர் லெகுன் அந்த வகை அமைப்பை பேக்ப்ரொபகேஷனால், அதாவது விடையில் வந்த பிழையைப் பின்னோக்கி அனுப்பி இணைப்புகளைத் திருத்தும் முறையால், பழக்கிக் கையெழுத்து இலக்கங்களை வாசிக்க வைத்தார். மூளையில் பேக்ப்ரொபகேஷன் நடக்க வாய்ப்பில்லை என்று டிஎன்ஏ அமைப்பைக் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் எழுதியதும் அதே 1989இல்தான். ஆக, மூளையிலிருந்து எடுத்தது ஒரு யோசனை, பழக்கிய விதம் மூளையில் இருப்பதாகத் தெரியாதது, ஆனாலும் வேலை செய்தது.

நியூரோன் நியூரோனாகப் பிரதி எடுப்பது

சி. எலிகன்ஸ் புழுவுக்கு மொத்தம் 302 நியூரோன்கள். இணைப்பு வரைபடம் 1986இலேயே வெளிவந்துவிட்டது. அந்தப் புழுவையே இன்னும் முழுசாகக் கணினியில் கொண்டுவர முடியவில்லை.

முதல் ஸ்லைடில் நீல மூளைப் படம்

வேண்டாம்.

மூளையே தேவையில்லை என்று முறுக்குவது

இதுவும் பிழைதான், இரண்டு துறைக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் உண்டு. 1997இல், வெகுமதியோடு தொடர்புள்ள டொபமீன் நியூரோன்களின் துடிப்பை விளக்க உதவியதே மெஷின் லேர்னிங்கில் இருந்து போன டிடி கணக்கு (எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தில் இருந்து பழகும் முறை).

நீக்கிப் பார்க்காமல் விடுவது

மூளையிலிருந்து எதை எடுத்தாலும், அதை நீக்கிவிட்டு ஒருக்கால் ஓட்டுங்கள். துல்லியம் எத்தனை வீதம் விழுகிறது என்ற எண்ணை அறிக்கையில் போடுங்கள், ஒன்றும் விழவில்லை என்றால் அதையும் போடுங்கள். வைவாவில் நான் இருந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன்.