மாவளி செய்யும் முறை: பனம்பூக் கரி முதல் கயிறு வரை

கார்த்திகைத் தீபத்தன்று வாசலில் அகல் ஏற்றி முடித்த கையோடு, களத்துமேட்டில் "மாவளியோ மாவளி" என்று கூவிக்கொண்டு கரித்தூள் பொதிந்த துணிச்சுருளைக் கயிற்றில் கட்டிப் பொறி பறக்கச் சுற்றுவது கிராமத்து வழக்கம். அதுதான் மாவளி. மாவலி என்றும் சொல்வார்கள். இதில் வெடிமருந்து கிடையாது. பனம்பூக் கரி, பருத்தித் துணி, பனைமட்டை, கயிறு, இவ்வளவுதான். ஆனாலும் பல மாவளிகள் புகைந்துவிட்டு அணைந்துபோகின்றன. பெரும்பாலும் கரியில்தான் கோளாறு இருக்கும். ஆகவே கரிக்கு நிறைய நேரம் கொடுங்கள்.

வேண்டியது ஆண் பனையின் பூ. விரல் தடிமனில் நீளநீளமாகக் கிளைத்து, காய்ந்ததும் தானே உதிர்ந்து மரத்தடியில் கிடக்கும். கோடையிலேயே பொறுக்கிவிட வேண்டும். கார்த்திகை அடைமழைக் காலம், அப்போது தேடினால் ஊறிப்போன பூதான் கிடைக்கும். பொறுக்கியதை நாலைந்து நாள் நல்ல வெயிலில் போட்டு, பரணில் ஏற்றிவிடுங்கள். ஒடித்தால் 'படக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டுங்கள். அடியில் இரண்டு கைப்பிடி பூவைப் போட்டுப் பற்றவைத்து, அது நன்றாகப் பிடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போட்டுக்கொண்டே வாருங்கள். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் மேலே எரியும், அடியில் பச்சையாகவே கிடக்கும். முதலில் வெள்ளையாக அடர்ந்து புகை வரும். அது மெலிந்து லேசான நீலமாகும்போது மூடிவிட வேண்டும். ஈரச்சாக்கைப் போட்டு, அதன்மேல் மண்ணைத் தள்ளி, புகை கசியும் இடமெல்லாம் மிதித்து அடையுங்கள். உள்ளே காற்றுப் புகுந்தால் கரி சாம்பலாகிவிடும், சாம்பலில் பொறி வராது. முன்கூட்டியே மூடினால் பூ பாதி வெந்து பழுப்பாக நிற்கும். அந்தத் தூள் கங்காகாமல் சுவாலைவிட்டு எரிந்து, துணியையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஒரு இரவு முழுக்கக் குழியைத் தொடக்கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே கனன்றுகொண்டிருப்பது காற்றுப் பட்டதும் திரும்பப் பற்றிக்கொள்ளும். அப்படிப் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், மறுபடி மண்ணைப் போட்டு மூடுங்கள். எடையில் கால் பங்கு கரி தேறினாலே நல்ல தேர்ச்சி. ஒரு கிலோ காய்ந்த பூவுக்கு நாலு மாவளிக்கான தூள் கிடைக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

கரியை உரலில் இடித்தோ அம்மியில் அரைத்தோ சலித்துக்கொள்ளுங்கள். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தால் கண்மைபோல வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நெருடினால் திரும்ப அரைக்க வேண்டும். வேகாத காம்புத் துணுக்குகளைச் சல்லடையோடு கழித்துவிடுங்கள். சிலர் படபடவென்று வெடிக்க ஒரு சிட்டிகை கல்லுப்பைப் பொடித்துச் சேர்ப்பார்கள். சேர்ப்பதானால் வாணலியில் வறுத்துச் சேருங்கள், உப்பு ஈரத்தை இழுக்கும். பட்டாசைப் பிரித்து மருந்து கலக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். இறுக்கிக் கட்டிய சுருளுக்குள் அது வெடிக்கும். தூளை மூடி போட்ட தகர டப்பாவில் வைத்து, சுற்றும் நாளுக்கு முன் வெயில் தலைகாட்டினால் ஒருமுறை காட்டி எடுங்கள்.

சுருளுக்குப் பழைய பருத்தி வேட்டிதான் சரி. பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி, எரியும் சொட்டாகத் தெறிக்கும். ஒரு சாண் நீளத்துக்குத் துணியை விரித்து, 50 கிராம் அளவு தூளை நடுவே பரப்பி, சுருட்டி, இரு முனையையும் கட்டுங்கள். பிறகு விரல் அகலத்துக்கு ஒரு சுற்று வீதம் நூலால் இறுக்கிக்கொண்டே போங்கள். அமுக்கினால் குழியக்கூடாது. தளர்வாக இருந்தால் சுற்றும்போது தூளெல்லாம் ஒரு முனைக்கு இறங்கி, துணி எரிந்ததும் மொத்தமாகக் கொட்டிவிடும்.

அடுத்தது மட்டை. பச்சைப் பனைமட்டையில் ஒன்றரைச் சாண் துண்டு வெட்டி, முதலில் இரு ஓரத்துக் கருக்கையும் அரிவாளால் சீவி எடுங்கள். அந்தக் கருக்கு ரம்பப்பல் மாதிரி, கையையும் அறுக்கும், கயிற்றையும் அறுக்கும். துண்டை மூன்று சிம்பாகப் பிளந்து, நடுவே சுருளை வைத்து, மேலும் கீழும் கட்டுங்கள். சுருளின் அடிமுனை கொஞ்சம் வெளியே தெரியட்டும். காய்ந்த மட்டைதான் கிடைத்தது என்றால் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள், இல்லாவிட்டால் சுருளோடு மட்டையும் எரியும்.

மட்டையின் மேல்முனையில் கட்டும் கயிறு தேங்காய் நார்க் கயிறாகவோ பருத்திக் கயிறாகவோ இருக்கட்டும். நைலான் ஒரு பொறிக்கே உருகி அறுந்துவிடும். நீளத்தில்தான் பலர் தப்புச் செய்கிறார்கள். கயிறும் மட்டையும் சேர்ந்த நீளம் சுற்றுகிறவரின் தோள் உயரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு 4 அடி, 4 அடி உயரப் பிள்ளைக்கு இரண்டரை அடி போதும். கூடினால் மாவளி தரையில் அடித்துச் சிதறும்.

பற்றவைக்கத் தீக்குச்சி உதவாது. அடுப்புக் கங்கில் அடிமுனையை வைத்து ஊதுங்கள். சுவாலை எழுந்தால் அணையவிட்டு, உள்ளே செக்கச்செவேலென்று கனிந்த பிறகு எடுங்கள். முதலில் மெதுவாக ஆட்டி, பிறகு கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, உடம்புக்குப் பக்கவாட்டில் வட்டமாகச் சுற்றுங்கள். சுற்றச் சுற்றக் காற்று துருத்தி ஊதுவதுபோல் கங்கைக் கிளறும். துணியின் கண்களைத் துளைத்துக்கொண்டு கரித்துகள் கிளம்பும், பறக்கும்போதே எரிந்து தீரும். பொறிவட்டம் என்று நாம் பார்ப்பது இதைத்தான். பொறி குறைந்தால் வேகத்தைக் கூட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் தூளில் ஈரம் ஏறியிருக்கிறது, அந்தச் சுருளை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுங்கள்.

பார்ப்பவர்கள் 20 அடியாவது தள்ளி, காற்று வரும் பக்கம் நிற்கட்டும். கூரை வீடு, வைக்கோல் போர் பக்கம் சுற்றவே கூடாது. சுற்றுகிறவருக்குப் பருத்தி உடை வேண்டும், தாவணி, துண்டு எதுவும் தொங்கக்கூடாது. பிள்ளைகள் சுற்றும்போது பெரியவர் ஒருவர் வாளித் தண்ணீரோடு பக்கத்தில் இருக்க வேண்டும். முடிந்த மாவளி மேலே சாம்பல் பூத்து அணைந்ததுபோல் தெரியும், நடுவில் வெகுநேரம் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீரில் முக்கி, குச்சியால் சுருளைக் கிழித்து, உள்ளே இருக்கும் கரியும் நனைந்ததைப் பார்த்த பிறகே குப்பையில் போடுங்கள்.