ஸ்கேன் படத்தில் பித்தப்பைக் கல்லைப் பார்ப்பது எப்படி?

வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துவிட்டுப் படமும் கையுமாக வருகிறவர்கள், "கல் இதுதானே?" என்று பளிச்சென்று தெரிகிற ஓர் இடத்தில் விரல் வைப்பார்கள். பெரும்பாலும் அது குடலில் இருக்கிற காற்று. வெள்ளையைத் தேடினால் இப்படித்தான் ஏமாறுவோம். அந்த வெள்ளைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள், விஷயம் அங்கேதான் இருக்கிறது.

ஏன் என்று புரிய, படம் எப்படி உருவாகிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். வயிற்றின் மேல் வைத்து நகர்த்துகிறார்களே, அந்தப் புரோபுக்குள் மின்சாரம் பட்டால் அதிர்கிற சின்னச் சின்னத் துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. அவை துளி நேரம் ஒலியை அனுப்பிவிட்டு, மிச்ச நேரமெல்லாம் எதிரொலிக்காகக் காத்திருக்கும். உடம்புக்குள் ஒலி நொடிக்கு 1540 மீட்டர் போகும் என்று மெஷின் வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கில் ஒரு சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப 13 மைக்ரோ நொடி ஆகும். அதனால் 130 மைக்ரோ நொடி கழித்து ஓர் எதிரொலி வந்தால், 10 சென்டிமீட்டர் கீழே ஒரு புள்ளி வைக்கும். பலமாக வந்தால் வெள்ளை, லேசாக வந்தால் சாம்பல், வரவே இல்லையென்றால் கறுப்பு. அவ்வளவுதான். ஜெல் தடவுவதும் இதற்காகத்தான்: தோலுக்கும் புரோபுக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலும் ஒலி முக்கால்வாசிக்கும் மேல் அங்கேயே திரும்பிவிடும், உள்ளே ஒன்றும் தெரியாது.

சரி, படத்தைக் கையில் எடுங்கள். மேல் விளிம்புதான் தோல், கீழே போகப்போக ஆழம். வழக்கமாக, குறுக்குவெட்டுப் படத்தில் நம் இடது பக்கம் நோயாளியின் வலது பக்கம். நெடுக்குவெட்டில் நம் இடது பக்கம் தலை, வலது பக்கம் கால். சன்ன மணல் மாதிரி ஒரே சீராகச் சாம்பலாகத் தெரிவது கல்லீரல். அதன் அடியில் பேரிக்காய் வடிவத்தில் கறுப்பாக இருப்பதுதான் பித்தப்பை. பித்தம் திரவம் என்பதால் எதிரொலி கிடையாது, ஒலியை அது அதிகம் உறிஞ்சுவதும் இல்லை, அதனால் பைக்குப் பின்னால் இருக்கும் பகுதி பக்கத்தை விடக் கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும். அதைப் பார்த்துக் கொழுப்பு என்று பயந்துவிடாதீர்கள்.

கல் இருந்தால் அந்தக் கறுப்புக்குள் வெள்ளையாக ஒரு வளைவு தெரியும், அதற்குக் கீழே கத்தியால் கீறினாற்போல ஒரு கறுப்புப் பட்டை இறங்கும். கல் ஒலியைப் பின்னால் விடுவதில்லை, அந்தப் பட்டை அதன் நிழல். காற்றுக்கும் நிழல் உண்டு, ஆனால் அது புகை படிந்தது போல அழுக்காக, ஓரம் தெளிவில்லாமல் இருக்கும். நிழல் இல்லாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பாலிப்பாக, அதாவது பையின் உள்சுவரில் வளர்கிற சின்னச் சதையாக, இருக்கலாம். ரொம்பச் சின்னக் கல்லுக்கும் சில சமயம் நிழல் விழாது. அப்போது அதிர்வெண்ணைக் கூட்டி, ஃபோகஸைச் சரியாக அந்த ஆழத்தில் வைத்தால் மெல்லிய நிழல் எட்டிப் பார்க்கும்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. நோயாளியை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லிவிட்டுத் திரையையே பாருங்கள். கல் என்றால் உருண்டு போய்ப் புது இடத்தில் உட்காரும், நிழலும் கூடவே போகும். பித்தக் கசடு என்றால் வண்டல் மாதிரி மெதுவாகச் சரியும், அதற்கு நிழல் இருக்காது. பாலிப் அசையாது. அசையும் படத்தில் தெரிகிற இதையெல்லாம் ஃபிலிமை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, அதனால்தான் ரிப்போர்ட்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன்.

வெறும் வயிற்றில் வரச் சொல்வதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பிட்டதும் பித்தப்பை சுருங்கிவிடும், சுருங்கின பைக்குள் கல் இருந்தாலும் பக்கத்துக் குடல் காற்று என்று நினைத்துத் தவறவிட வாய்ப்பு அதிகம். 6 முதல் 8 மணி நேரம் போதும், இடையில் தண்ணீர் குடிக்கலாமா என்று ஸ்கேன் சென்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

புரண்டு படுத்தும் அசையாமல், பையின் கழுத்துப் பக்கம் நிழலோடு ஒரு கல் நின்றால் அது அங்கே மாட்டிக்கொண்டிருக்கலாம். அதோடு பையின் சுவர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்து, புரோபை அந்த இடத்தில் அழுத்தினால் நோயாளி மூச்சைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றால், காய்ச்சலுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே சர்ஜனிடம் போக வேண்டும்.