முதல் ரீலோடிங் பிரஸ்: எதைப் பார்த்து வாங்கறது?

அமெரிக்கா போய் ரேஞ்சில் சுடப் பழகிய நம்ம கோயமுத்தூர்ப் பசங்க சிலர் சுட்டு முடிச்ச தோட்டாக் கூட்டில் மருந்தும் குண்டும் தாங்களே திரும்ப நிரப்ப (அதுதான் ரீலோடிங்) பிரஸ் தேடுறாங்க. முதல் மிஷின் சிங்கிள் ஸ்டேஜாவே இருக்கட்டுங்க. லீவரை ஒருமுறை இழுத்தால் ஒரு வேலைதான் நடக்கும். எங்கே என்ன ஆகுதுன்னு கண்ணுக்குத் தெரியும். இழுப்புக்கு ஒரு தோட்டா தள்ளும் புரோகிரசிவ் மிஷினில் ஒரே நேரத்தில் நாலைந்து வேலை ஓடும். ஒரு கேஸில், அதாவது தோட்டாக் கூட்டில், வெடிமருந்து இருமுறை விழுந்தால் புதுக்கைக்குத் தெரியாமலே போயிடும்; துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம்.

பீளமேட்டுப் பட்டறைக்காரர் எந்தப் பிரஸ்ஸிலும் முதலில் பார்ப்பது பாடியைத்தான். இதிலும் அதேதான்: ஒரு பக்கம் திறந்த ‘சி’ வடிவத்தைவிட, சுற்றி மூடிய ‘ஓ’ வடிவ வார்ப்பிரும்பு பாடி பாரத்துக்கு வளையாமல் நிற்கும். டை (கூட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாட்டும் துளை 7/8-14 மரையான்னு (7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை) கேட்டுக்குங்க. அப்படி இருந்தால் பெரும்பாலான கம்பெனி டைகள் பொருந்தும். மிச்சக் காசில் மருந்து நிறுக்க நல்ல தராசும் புதுப் பதிப்பு ரீலோடிங் கையேடும்.

லீவில் ஊருக்கு வந்து செஞ்சு பார்க்கிற ஆசை மட்டும் வேண்டாங்க. இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.