கத்திரி வெயிலுக்கு ஒரு பென்சில் டப்பா

மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் ஜவுளிக்கடைகளில் பதினாறு வருடமாகப் புடவை எடுத்துக் காட்டும் வேலை பார்க்கிறேன். காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பதரை வரை. சித்திரைத் திருவிழாக் கூட்டம் அடங்குவதற்குள் வைகாசி முகூர்த்தக் கூட்டம் வந்துவிடும். நடுவில் கத்திரி. காலில் கொப்புளம், இடுப்பில் புண், ரவிக்கையில் வியர்வைக் கறை என்று எங்கள் பெண்கள் படும் பாட்டைப் பார்த்துப் பார்த்து, புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் இதையெல்லாம் சொல்லிவிடுவேன். ஈரமும் உராய்வும் சேர்ந்தால் தோல் சீக்கிரம் கெடும். அதனால் செய்ய வேண்டியதை வீட்டை விட்டுக் கிளம்புமுன் செய்ய வேண்டும்.

முதலில் கால். மருந்துக்கடையில் காகிதப் பிளாஸ்திரி கேளுங்கள். மைக்ரோபோர் என்றால் உடனே எடுத்துத் தருவார்கள். ஒரு அங்குல அகலச் சுருள் போதும். செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கொஞ்ச நேரம் நடந்து பாருங்கள். வார் எந்த இடத்தில் உரசுகிறது என்று கால் சொல்லிவிடும். அந்த இடத்தைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, பிளாஸ்திரித் துண்டை ஒட்டுங்கள். துண்டின் நான்கு மூலையையும் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டிவிட வேண்டும். கூராக விட்டால் மூலைதான் முதலில் மடங்கி எழும்பும், மதியத்துக்குள் முழுசும் சுருண்டுவிடும். எண்ணெய் தடவிய காலில் ஒட்டாது. இரவில் வெடுக்கென்று பிய்க்காமல், இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ஊறவைத்து எடுங்கள்.

கொப்புளம் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் அதன் மேல் நேராக ஒட்டக் கூடாது, எடுக்கும்போது தோலும் கூட வந்துவிடும். சுத்தமான காஸ் துணியை மடித்து வைத்து அதன் மேல் ஒட்டுங்கள். உடைக்க மட்டும் வேண்டாம். மேல்தோல்தான் அதற்கு இருக்கிற நல்ல மருந்து.

செருப்பைச் சாயங்காலம் போய் வாங்குங்கள். பகலெல்லாம் நின்ற கால் சற்று வீங்கியிருக்கும். அந்தக் காலுக்குச் சரியாக இருப்பதுதான் உங்கள் அளவு. தோல் செருப்பு என்றால் வாரின் உட்பக்கம் எண்ணெய் தடவி, மூன்று நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம் போட்டுப் பழக்கலாம். ரெக்சின் அப்படி இளகாது. கடையில் கடிக்கிற ரெக்சின் வீட்டுக்கு வந்தும் கடிக்கும், வாங்காதீர்கள்.

நான் முதலில் வேலை பார்த்த கடையில் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு மேலே வரச் சொல்வார்கள். நாள் முழுக்கக் கிரானைட் தரையில் வெறுங்கால். ஆறு மாதத்தில் காலையில் எழுந்து முதல் அடி வைத்தாலே குதிகாலில் ஆணி இறங்கின மாதிரி இருந்தது. பழைய யோகா பாய் ஒன்றை இரண்டு முழம் வெட்டி, இரண்டாக மடித்து, நான் நிற்கும் இடத்தில் போட்டேன். அது கொடுத்த நிம்மதி கொஞ்சமல்ல. பாய் கிடைக்காவிட்டால் சாக்கை மடித்துப் போடலாம். செருப்புப் போடலாம் என்கிற கடையில் மெத்தென்ற சோல் வைத்துக்கொள்ளுங்கள்; சிலிக்கான் குதிகால் பட்டையும் நல்லது, ஆனால் அடியில் வியர்க்கும், இரவில் கழுவிக் காயவைக்க வேண்டும். அப்புறம், உட்காருவதற்குக் கூச்சப்படாதீர்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. கேரளத்தில் அதற்கும் முன்பே, 2018-ல். வாடிக்கையாளர் இல்லாத ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் கால் அடுத்த ஒரு மணி நேரம் தாங்கும்.

மெட்டி போடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். குளித்த தண்ணீரும் சோப்பும் மெட்டிக்கு அடியில் தங்கி, விரலிடுக்கு வெளுத்து ஊறிப்போய் அரிக்கும். தினமும் மெட்டியை நகர்த்தி விரலிடுக்கைப் பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவி, விரல் காய்ந்த பிறகு போடுங்கள். சர்க்கரை இருப்பவர்கள் இரவில் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்தாவது பார்த்துவிட வேண்டும். காலில் சூடு படுவது அவர்களில் பலருக்குச் சரியாகத் தெரியாது. உச்சி வெயிலில் கோயில் பிரகாரக் கல்லில் நடந்துவிட்டு, கொப்புளித்தது தெரியாமல் வீட்டுக்கு வந்த அம்மாவை எனக்குத் தெரியும். பித்தவெடிப்புக்கு ராத்திரி வாசலின் தடவிப் பழைய பருத்திக் காலுறை போட்டுத் தூங்கினால் ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

சரி, இனி உடுப்பு. என் தங்கை நிச்சயத்துக்குச் சந்தன நிறப் புடவையும் புது மெரூன் உள்பாவாடையும் கட்டியிருந்தேன். மண்டபத்தில் மின்விசிறி ஓடவில்லை. இடுப்பில் வியர்த்த வியர்வையில் பாவாடைச் சாயம் இறங்கி, புடவையின் பின்பக்கம் கையகலத்துக்குச் சிவந்துவிட்டது. சபையில் எழுந்திருக்க முடியாமல் மூலையில் உட்கார்ந்திருந்தது இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து புதுப் பாவாடை எதுவானாலும், நனைத்த வெள்ளைக் கைக்குட்டையால் உள்தையலை அழுத்தித் தேய்த்துப் பார்ப்பேன். நிறம் ஏறினால் கைக்குட்டை வெளுப்பாக வரும்வரை அலசிய பிறகுதான் வெளிர்ப் புடவைக்குள் போகும்.

பாவாடையில் கயிறு மாதிரி இருக்கும் நாடாவை உருவிவிட்டு, ஒன்றரை அங்குலத் தட்டை நாடா கோத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே இடத்தில் முடிச்சுப் போடாமல் சற்று மேலே, கீழே மாற்றிக் கட்டுங்கள். பல வருடம் இறுக்கிக் கட்டிய இடத்தில் ஆறாமல் நின்ற புண் புற்றுநோயாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி 2024-ல் நம் நாட்டு மருத்துவர்களே எழுதியிருந்தார்கள். அது அபூர்வம்தான். ஆனாலும் இடுப்பில் ஒரு புண் இரண்டு மூன்று வாரம் ஆறவில்லை என்றால் மஞ்சள் பூசிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடை உரசிப் புண்ணாகிறவர்கள் பழைய பருத்தி லெக்கிங்ஸை முழங்காலுக்கு மேல் வெட்டி உள்ளே போட்டுக்கொள்ளலாம். செலவே இல்லை.

ரவிக்கைக்கு டூ பை டூ துணி எடுங்கள், லைனிங்கும் பருத்தியாகவே வைக்கச் சொல்லுங்கள். சாம்பல் நிறமும் வெளிர் நீலமும் வியர்வையை அப்படியே காட்டிக்கொடுக்கும். வெள்ளை, கருநீலம், பொடிப் பூப்போட்டது காட்டாது. அக்குளுக்கு வியர்வைத் துணி தைப்பது பத்து நிமிட வேலை: வேட்டித் துணியை நான்காக மடித்துப் பிறை வடிவில் வெட்டி, ஓரம் தைத்து, இரண்டு பிரஸ் பட்டன் வையுங்கள். ரவிக்கைக்கு இரண்டு சோடி இருந்தால் மதியம் ஒரு முறை மாற்றலாம்.

கடைசியாக ஊக்கு. ஊக்கின் சுருள் வளையத்துக்குள் நூல் சிக்கித்தான் பட்டுப் புடவை தோளில் கிழிகிறது. ஊக்கைத் திறந்து, ஒரு சின்னப் பாசிமணியைக் கோத்து வளையம் வரைக்கும் தள்ளிவிட்டு அப்புறம் குத்துங்கள். மணி தடுத்துக்கொள்ளும், துணி வளையத்துக்குள் போகவே போகாது.

பிளாஸ்திரிச் சுருள், சின்னக் கத்தரிக்கோல், மணி கோத்த ஆறு ஊக்கு, கைக்குட்டை, வியர்வைத் துணி ஒரு சோடி, ஒரு முழம் நாடா: எல்லாம் என் மகளின் பழைய பென்சில் டப்பாவுக்குள் அடங்கிவிடுகிறது. காட்டன் பிரிவில் மூன்றாவது அலமாரிக்குக் கீழே வைத்திருக்கிறேன். எங்கள் தளத்துப் பெண்கள் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்க வந்து வார் கடித்து நொண்டிக்கொண்டு நிற்கிற வாடிக்கையாளருக்கும் அதிலிருந்துதான் வெட்டி ஒட்டிவிடுகிறேன்.