தவக்கால ஒறுத்தல் பாதியில் நின்றுபோகாமலிருக்க

உயிர்ப்பு விழாவுக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று, ஒறுத்தலாக (விரும்பிய ஒன்றை விட்டுக்கொடுப்பதாக) எடுக்கும் தீர்மானம் கைநழுவிப் போவதற்குப் பெரும்பாலும் காரணம், அது பொத்தாம்பொதுவாக இருப்பதுதான். "கைபேசியைக் குறைப்பேன்" என்றால் எப்போது மீறினோம் என்றே தெரியாது. "இரவு 9 மணிக்குமேல் கைபேசி படுக்கையறைக்குள் வராது" என்று வையுங்கள். சார்ஜரையும் வெளியே மாற்றிவிடுங்கள். அது கட்டிலருகே இருந்தால் கைபேசியும் அங்கேதான் வந்து சேரும். இப்படி ஒன்று போதும். ஐந்தாறு ஒறுத்தல்களை அடுக்கினால் ஒன்றும் நிலைக்காது.

சோதனை வந்தபின் அதனுடன் வாதம் செய்யாதீர்கள். பாலைநிலத்தில் அலகை சோதித்தபோது இயேசு மூன்று முறையும் பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூலின் வசனத்தைச் சொல்லி முடித்துக்கொண்டார் (மத்தேயு 4:1-11). ஒரு சிறு வசனத்தை மனப்பாடம் செய்து, ஆசை எழுந்த உடனே சொல்லிவிட்டு, எழுந்து இடம் மாறுங்கள். பசியும் களைப்பும் சேர்ந்த வேளையில்தான் பலர் வழுக்குகிறார்கள். உடலை மீறிப் பட்டினி கிடக்க வேண்டாம். திருநீற்றுப் புதனிலும் புனித வெள்ளியிலும்கூட ஒரு முழு உணவும், சேர்த்தாலும் முழு உணவாகாத இரண்டு சிற்றுணவும் உண்டு. நோயாளிகளுக்கு அந்தக் கடமையும் இல்லை.

ஞாயிறு நோன்பு நாளல்ல. சொந்த ஒறுத்தலை அன்று தளர்த்துவதா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். சனி இரவில் யோசித்தால் ஆசைதான் ஜெயிக்கும்.

தவறிவிட்டால் அன்றே மறுபடி தொடங்குங்கள். சொந்தத் தீர்மானத்தை மீறுவது தன்னிலே பாவமல்ல. உண்மையான பாவம் மனத்தை உறுத்தினால், தவக்காலத்தின் கடைசியான புனித வாரத்தில் கூட்டம் நெரியும் முன்பே ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (குருவிடம் பாவ அறிக்கை செய்ய) போய்விடுங்கள்.