டிராவல் டிரெய்லருக்கு வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்: வாங்குவதும் மாட்டுவதும்

அமெரிக்காவில் முதல் டிராவல் டிரெய்லர், அதாவது வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு, வாங்குகிறவர்களுக்கு டீலர் இந்த ஹிட்ச்சையும் (இரண்டையும் இணைக்கும் கொக்கி அமைப்பு) சேர்த்தே விற்றுவிடுவார். மாட்டியும் கொடுப்பார், ஆனால் பெரும்பாலும் கண்மதிப்பில், காலி டிரெய்லரை வைத்து. நீங்கள் சாமான் ஏற்றியபின் அந்த அளவு செல்லாது. ஓர் அளவு நாடா, சில ஸ்பேனர்கள், ஒரு சனிக்கிழமைக் காலை இருந்தால் நீங்களே சரியாக மாட்டிக்கொள்ளலாம்.

முதலில் இது எதற்கு என்று பார்ப்போம். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்குத் தெரியும்: பின்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு எழும்பும், முன்பாரம் கூடினால் கழுத்து நசுங்கும். டிரெய்லரிலும் முன்பாரம் வேண்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், டிரெய்லரின் முன்முனை வந்து உட்காரும் எஃகு உருண்டையான ஹிட்ச் பந்தின்மேல் இறங்க வேண்டும். இதைத்தான் டங் வெயிட் என்கிறார்கள். அது குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். சரி, போதுமான முன்பாரம் வைத்துவிட்டோம். இப்போது இழுக்கிற வண்டிக்கு, அதாவது பிக்அப் டிரக்குக்குத் தொல்லை.

கணக்கைப் பாருங்கள். டிரக்கின் இரண்டு அச்சுக்கும் இடையே 12 அடி, பின் அச்சிலிருந்து பந்துவரை 5 அடி, டங் வெயிட் 650 பவுண்டு. நெம்புகோல் கணக்குப்படி முன் அச்சு சுமார் 270 பவுண்டை இழக்கும், பின் அச்சில் 920 பவுண்டு ஏறும். ஸ்டியரிங்கும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரங்களின் பொறுப்பு. அவைதான் தரையை அழுத்தாமல் லேசாகின்றன.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்சில் இரண்டு எஃகு ஸ்பிரிங் பார்கள் உண்டு. ஒரு முனை ஹிட்ச் தலையில் செருகியிருக்கும். மறுமுனையை டிரெய்லரின் முன்சட்டத்தில் உள்ள பிராக்கெட்டிலோ சங்கிலியிலோ தூக்கி மாட்டுவோம். பார்கள் வளைந்து இறுகும்போது டிரக்கின் பின்பக்கம் தூக்கப்படுகிறது, இழந்த பாரத்தில் ஒரு பங்கு முன் அச்சுக்குத் திரும்புகிறது, இன்னொரு பங்கு டிரெய்லர் அச்சுக்குப் போகிறது. மொத்த எடை ஒரு பவுண்டுகூடக் குறையாது. இந்த ஹிட்ச் வாங்கினால் சின்ன வண்டியில் பெரிய டிரெய்லர் இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

வாங்கும் முன்

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அதுதான் பேலோடு. விளம்பரத்தில் வரும் 'இழுக்கும் திறன்' எண்ணைவிட இதுதான் முதலில் தீர்ந்துபோகும். 1,500 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தினர் 600, டிரக்கில் வைக்கும் சாமான் 150, ஹிட்ச் மட்டுமே ஏறக்குறைய 90. மிச்சம் 660. சாமானோடு 5,000 பவுண்டு எடையுள்ள டிரெய்லரில் 13 சதவீதம் என்றால் 650, மயிரிழையில் தப்பும். 6,000 பவுண்டு என்றால் 780. எந்த ஹிட்ச்சும் காப்பாற்றாது.

சிற்றேட்டில் போட்டிருக்கும் காலி எடையை நம்பவே வேண்டாம். இரண்டு 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டர்கள் நிரம்பியிருந்தால் சுமார் 75 பவுண்டு, பேட்டரி 50 பவுண்டுக்கு மேல். பெரும்பாலான டிரெய்லர்களில் இரண்டுமே முன்சட்டத்தின் மேல்தான் உட்காரும். நல்ல தண்ணீர்த் தொட்டி 40 கேலன் என்றால் நிரப்பும்போது 330 பவுண்டு. அதற்குமேல் அரிசி மூட்டை, கிரைண்டர், மடக்கு நாற்காலி என்று நம் வீட்டுக் கணக்கு தனி.

டிரக்கின் கையேட்டையும் புரட்டுங்கள். சில எஸ்யூவிகளுக்கு இந்த வகை ஹிட்ச்சே கூடாது என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பார். ரிசீவரின் (டிரக்கின் பின்னடியில் ஹிட்ச்சைச் செருகும் சதுரக் குழாய்) அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் இரண்டு எடைகள் இருக்கும்: சாதாரணமாக இழுக்க ஒன்று, வெயிட் டிஸ்ட்ரிபியூஷனோடு இழுக்க ஒன்று.

பார்களின் அளவைச் சாமான் ஏற்றிய டங் வெயிட்டுக்கு ஏற்ப எடுங்கள். பின் அச்சுக்குப் பின்னால் டிரக்கில் வைக்கும் சாமானையும் அதில் கூட்டிக்கொள்ள வேண்டும். ஈக்வலைசர் என்ற பிராண்டின் ஹிட்ச் 400, 600, 1,000, 1,200, 1,400 பவுண்டு என்று பல அளவுகளில் வருகிறது. உங்கள் டங் வெயிட் 650, பின்சாமான் 100 என்றால் 1,000 பவுண்டு பார் பொருந்தும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று 1,400 வாங்கினால் அது வளையாது. பயணம் முழுக்கக் குலுக்கும், டிரெய்லர் சட்டத்துக்கும் கேடு.

டிரெய்லர் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு உள்ளுக்குள்ளேயே உள்ள ஹிட்ச்தான் தொடக்கக்காரருக்கு ஏற்றது என்பது என் கருத்து. ஈக்வலைசர், புளூ ஆக்ஸ் ஸ்வேப்ரோ இரண்டும் அந்த ரகம். தனியாக மாட்டும் உராய்வுப் பார் விலை குறைவு. ஆனால் ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கிக் கழற்ற வேண்டும், மழையில் அலுப்பு.

பந்தின் அளவு டிரெய்லரின் கப்ளரில் (பந்தைக் கவ்விப் பூட்டும் முன்முனை) பொறித்திருக்கும், பெரும்பாலும் 2 5/16 அங்குலம். 2 அங்குலப் பந்தும் அதற்குள் உட்காரும், குழியில் ஏறி இறங்கும்போது கழன்றும் போகும்.

மாட்டும் நாள்

பயணத்துக்குப் போவதுபோலவே இரண்டிலும் சாமான் ஏற்றுங்கள். சமதரை வேண்டும். டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கை வைத்துச் சட்டத்தை மட்டமாக்கி, தரையிலிருந்து கப்ளரின் மேல்விளிம்புவரை உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லர் மாட்டாத டிரக்கில், முன்சக்கர மையத்துக்கு நேர்மேலே ஃபெண்டரின் (சக்கரத்தின் மேலுள்ள தகடு) விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம்? இன்றைய வேலைக்கு உயிர்நாடி இந்த எண். உதாரணத்துக்கு 38 அங்குலம். பின்பக்கத்தையும் அளந்து எழுதுங்கள்.

ஹிட்ச்சின் தண்டான ஷாங்க்கை ரிசீவரில் செருகி, பந்தின் உச்சி கப்ளர் உயரத்தைவிட அரை முதல் ஓர் அங்குலம் மேலே இருக்கும்படி ஹிட்ச் தலையைப் பூட்டுங்கள். பாரம் ஏறியதும் அது தானே இறங்கும். பந்தின் நட்டைக் கையேடு சொல்லும் டார்க்குக்கு (முறுக்கு விசை) முடுக்க வேண்டும். ஒன்றேகால் அங்குலத் தண்டுள்ள பந்துக்கு இது 400 அடி-பவுண்டைத் தாண்டும். வீட்டு டார்க் ரெஞ்ச் போதாது, டயர் கடையில் கேளுங்கள்.

இப்போது பார்கள் இல்லாமல் டிரெய்லரை இறக்கி மாட்டி, முன் ஃபெண்டரை மறுபடி அளங்கள். 39½ அங்குலம் என்று வருகிறது, அதாவது ஒன்றரை அங்குலம் எழும்பியிருக்கிறது. பல கையேடுகள் இதில் பாதியையாவது திருப்பச் சொல்கின்றன, சில முழுவதையும். ஆக நம் இலக்கு 38¾-க்கும் 38-க்கும் நடுவே. 38-க்குக் கீழே ஒருபோதும் போகக் கூடாது. அப்படிப் போனால் பின்சக்கரம் லேசாகி, ஈரச் சாலையில் வழுக்கும்.

பார்களை மாட்டும்போது உடல்பலத்தைக் காட்ட வேண்டாம். கப்ளரைப் பூட்டியபின் டிரெய்லர் ஜாக்கால் முன்சட்டத்தையும் டிரக்கின் பின்பக்கத்தையும் சேர்த்தே தூக்குங்கள். பார்கள் தளர்ந்து லேசாக ஏறிவிடும். இறுகிய பாரில் இருக்கும் விசை பல நூறு பவுண்டு. பாரை ஏற்றும் நெம்புகோல் நழுவினால் தாடை போகும், எனவே பாரின் பாதையில் முகத்தையும் காலையும் வைக்காதீர்கள்.

ஜாக்கை முழுதாக இறக்கி அளங்கள். 39¼ என்றால் திருத்தம் போதவில்லை. பிராக்கெட்டை ஒரு துளை மேலே ஏற்றலாம், அல்லது ஹிட்ச் தலையில் வாஷர் கூட்டிப் பின்புறமாகச் சாய்க்கலாம். 37¾ என்றால் இதையே தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு வாஷரே கணிசமாக மாற்றும், எனவே ஒவ்வொன்றாக. டிரெய்லர் மட்டமாகவோ, மூக்கு சற்றே தாழ்ந்தோ நிற்க வேண்டும். மூக்கு தூக்கியிருந்தால் பந்தை ஒரு துளை இறக்கிவிட்டு எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும். அலுப்புதான், வேறு வழியில்லை.

முடிந்ததும் எல்லா போல்ட்டையும் டார்க்குக்கு முடுக்கி, ரிசீவர் பின்னைச் செருகி, பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளரின் கீழே குறுக்காக மாட்டுங்கள். பிரேக்அவே கம்பியை (டிரெய்லர் கழன்றுபோனால் அதன் பிரேக்கைப் போடவைப்பது) சங்கிலியில் மாட்டாமல் டிரக்கிலேயே தனியிடத்தில் மாட்டவும்.

எடை மேடை

ஃபெண்டர் அளவு நல்ல அடையாளம், ஆனால் பவுண்டுக் கணக்கைத் தராது. நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் உள்ள கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடை மேடையில் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூன்றும் தனித்தனியாக எடை வரும். மூன்று முறை ஏறுங்கள்: பார்களோடு, பார்களைக் கழற்றி, பிறகு டிரெய்லரை விட்டுவிட்டு டிரக் மட்டும். மறு எடைக்குக் கட்டணம் குறைவு. முன் அச்சு எவ்வளவு இழந்தது, எவ்வளவு திரும்பியது என்று சீட்டிலேயே தெரியும். பின் அச்சின் எடையை அச்சு வரம்போடு ஒப்பிட மறக்க வேண்டாம்; அது பேலோடு ஸ்டிக்கரில் அல்ல, ஓட்டுநர் கதவுப் பக்கம் உள்ள இன்னொரு லேபிளில் இருக்கும்.

முதல் 50 மைல் ஓடியதும் நிறுத்தி போல்ட்டுகளை மறுபடி முடுக்குங்கள். செங்குத்தான டிரைவ்வேயில் ரிவர்ஸ் எடுப்பதானால், ஏறும் முன் சாலையிலேயே பார்களைக் கழற்றிவிடுங்கள். வண்டிகள் இரண்டும் மடிந்து நிற்கும் இடத்தில் பார்கள் தாங்க வேண்டிய அளவைத் தாண்டி வளையும், கழற்றவும் வராது.