கராத்தே பிளாக் பெல்ட்: பகாவ் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு காலக்கணக்கு

பிளாக் பெல்ட் எடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, வாரத்துக்கு எத்தனை வகுப்பு போகமுடியும் என்பதைத்தான். தோட்டத்திலிருந்து நெகிரி செம்பிலானில் இருக்கும் பகாவ் டவுனுக்கு அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளைக்கு வாரம் இரண்டு நாள் கிடைத்தாலே பெரிய விஷயம். கே.எல்.இல் நான்கு நாள் பழகுகிற மாமா மகன் மூன்று வருஷத்தில் முடித்துவிட்டான் என்பதற்காக நமக்கும் அதே மூன்று வருஷம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

கராத்தேயின் ஒரு பாணியான ஷோட்டோகானை எடுத்துக்கொள்வோம். பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய படிகளுக்குக் கியூ என்று பெயர், எண் குறையக் குறைய படி உயரும். வெள்ளை பெல்ட்டை 10ஆம் கியூ என்று வைத்தால் பிரவுன் பெல்ட்டின் 3ஆம் கியூவரை ஏழு தேர்வுகள், மூன்று மாதத்துக்கு ஒன்று என்றால் 21 மாதம். அப்புறம் 3, 2, 1 என்று ஒவ்வொரு பிரவுன் படியிலும் ஆறு மாதம் காத்திருந்தால் இன்னொரு 18 மாதம். ஆக, தாளில் 39 மாதம். கிளப்புக்குக் கிளப் இது மாறும், உங்கள் மாஸ்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தீபாவளி, பள்ளி விடுமுறை, காய்ச்சல், வீட்டில் வண்டி இல்லாத வாரங்கள் எல்லாம் சேர்த்தால் நான்கிலிருந்து ஐந்து வருஷம் என்பதே நியாயமான கணக்கு. இரண்டே வருஷத்தில் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

இப்போது எஸ்.பி.எம்., அதாவது ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு. முதலாம் படிவத்தில் சேர்ந்த பிள்ளை நான்காம் படிவ முடிவில் பிரவுனில் நிற்கும், ஐந்தாம் படிவத்தில் டியூஷன் வந்துவிடும், பலர் நின்றுபோவது இந்த இடத்தில்தான், பிறகு திரும்புவதே இல்லை, பார்க்க மனசு வலிக்கிறது. அந்த வருஷம் பெல்ட் தேர்வுக்கே போக வேண்டாம், ஆனால் வாரம் ஒரு வகுப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெற்றோர்களே, மார்க் குறைந்தால் கராத்தேயை நிறுத்துவேன் என்று மிரட்டாதீர்கள்.

குறிக்கோளை பெல்ட் நிறத்தில் வைக்காமல் செய்கிற வேலையில் வையுங்கள். 1924இல் ஷோட்டோகானின் நிறுவனர் ஃபுனாகோஷி முதல் பிளாக் பெல்ட்டுகளைக் கொடுக்கும்வரை கராத்தேயில் பெல்ட் முறையே இல்லை, ஜூடோவிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் அது. அதனால் “ஜூனுக்குள் பச்சை பெல்ட்” என்பதை விட “ஜூனுக்குள் ஹெயான் நிடான் கத்தாவில் (தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்) பக்க உதை இடுப்புக்கு மேலே போகணும்” என்பது நல்ல குறிக்கோள். ஹெயான் கத்தாக்கள் ஐந்துக்கும் திடல் வேண்டும், ஆனால் டெக்கி ஷோடான் என்ற கத்தா முழுக்க கிபா டாச்சியில் (குதிரைமேல் உட்கார்ந்ததுபோல் நிற்கும் நிலை) பக்கவாட்டில் ஒரே கோட்டில் போவது, வீட்டு வராந்தாவிலேயே பழகலாம். வகுப்பில்லாத நாளில் இருபது நிமிஷம் போதும். பெரும்பாலான கிளப்புகளில் ஷோடானுக்கு (முதல் பிளாக் பெல்ட் படி) கேட்கும் பாஸ்சாய் டாய் கத்தாவை மட்டும் வீட்டில் தனியாகக் கற்றுக்கொள்ளாதீர்கள், தப்பாகப் பதிந்தால் திருத்த மாதக்கணக்கில் ஆகும்.

டேக்வாண்டோ பிள்ளைகளுக்கு ஒரு சேதி: டேக்வாண்டோவின் தலைமையகமான குக்கிவொன் முறையில் 15 வயதுக்குள் கிடைப்பது டான் (பிளாக் பெல்ட் படி) அல்ல, பூம் என்ற சிறுவர் படி. அவசரப்படுத்தி ஒன்பது வயதில் அனுப்ப வேண்டியதில்லை.

டான் தேர்வு பெரும்பாலும் வெளியூரில்தான் நடக்கும். தேர்வுக் கட்டணம், சான்றிதழ் கட்டணம், பஸ் செலவு எவ்வளவு என்று பிரவுன் பெல்ட் வாங்கிய அன்றே மாஸ்டரிடம் கேட்டுவிடுங்கள், மாதாமாதம் கொஞ்சம் எடுத்துவைக்க பதினெட்டு மாதம் கையில் இருக்கும்.